ஒரு லீற்றர்

மூன்றாம் நாளும் சுகிர்தா என்னோடு பேசவில்லை.
கேளாமல் அவள் காப்பை அடகு வைத்தவன் நான்.
இன்று எனக்கும் பேச்சில்லை.
எச்சிலை விழுங்கினால்
நெத்தலி முள்ளொன்று குறுக்கே நிற்கிறது.

மூக்கு ஒரு பக்கம் ஓட
வயிறு மறுபக்கம்.
களுவாஞ்சிகுடியில் மார்கழி மழை,
வளவுக் கோடியில் கக்கூசு.
ஆறாந்தரம் போய்வந்து
சுவரில் கரியால் ஒரு கோடு கீறினேன்,
டொக்டர் கேட்டால் விரலால் காட்ட.

"வைரஸ்தான். குளிசை ஒன்றும் அதைக் கொல்லாது.
தண்ணி குடியும்.
ரத்தம் போனால், சலம் குறைந்தால்
உடனே வாரும்."

பழைய சோடாப் போத்தலில்
கொதித்தாறிய தண்ணீர்,
கண்மட்டத்துக்குத் தூக்கி அளவு பார்த்து
ஜீவனியை வெட்டிக் கொட்டினாள்.
மேசையில் வைத்த சத்தத்தில்
கோபம் அப்படியே இருந்தது.
குடித்தேன்.
கண்ணீரின் ருசி.
சொன்னால் நடிப்பென்பாள்.

உப்புக்கஞ்சி வந்தது.
கொத்தமல்லித் தண்ணி வந்தது.
ஆள் வரவில்லை.

இரவு ஒரு மணி. கரண்ட் இல்லை.
முற்றத்தில் தடவித் தடவிப் போகிறேன்,
பின்னாலிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம்
காலுக்கு முன்னே விழுந்து
தவளையைக் காட்டுகிறது.
நான் திரும்பும்வரை
அது அணையவேயில்லை.

குசினி வாசலில் அவள் இருமினாள்.
வறட்டு இருமல்,
முந்தநாள் எனக்குத் தொடங்கினதே, அது.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன்.
கேத்தலை அடுப்பில் வைத்தேன்.
இன்னுமொரு சோடாப் போத்தல் தேடவேணும்.

காப்பின் கதை
குரல் வந்ததும்.
யாருக்கு முதலில் வருகுதோ.