இருபது வளைவுகளுக்குக் கீழே

மார்ச்சில் முதல் மழை விழுந்த எட்டாம் நாள்
ஏற்காட்டில் வேறெதையும் முகர முடியாது.
காப்பி பூத்துவிடும்.
ஜன்னலைச் சாத்தினாலும் சோற்றில் ஏறும்,
துவைத்த பாவாடையில் ஏறும்.
மலையின் தேனீ மொத்தமும்
அந்த மூன்று நாள் அங்கேதான் கிடக்கும்.

அந்த மூன்று நாளைப் பார்த்துத்தான்
கண்ணாடி வீட்டு மூலையில்
குடுவைச் செடி பூத்தது.
நெல்லிக்காம்பு கனத்தில் ஒரு தண்டு,
அதில் துருப்பிடித்த நிறத்தில்
பூ என்று சொன்னால்தான் பூ.

முகர்ந்து பார் என்றார் ஜெபக்குமார் சார்.
மூன்றாம் நாள் இட்லி மாவு.
அதற்கடியில்,
ஈரச் சாக்கில் சிந்திய வெல்லம்.
பதிவேட்டில் "ஆண்" என்று எழுதினேன்.
வாசனை என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
"உண்டு" என்று எழுதினேன்.

தேனீ ஒன்றும் வரவில்லை.
ஈ வந்தது.
பூவில் கால் துடைத்து
இறங்கும் வழியில்
குடுவையின் உதட்டில் நின்று
இனிப்பை நக்கியது.
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
வழுக்கியது.
சாயங்காலம் மூடியைத் தூக்கிப் பார்த்தால்
தண்ணீரில் கிடந்தது,
காலில் மஞ்சள் தூளோடு.
தூது போகவேண்டிய கால்.

போயிருந்தாலும் எங்கே போயிருக்கும்?
பெண் செடி சேலத்தில் இருக்கிறது,
இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே
ஒரு கல்லூரித் தோட்டத்தின்
பச்சை வலைக் கொட்டகையில்.
மெகர்நிஷா போன் செய்தாள்:
"திறந்திருச்சுக்கா. நாலு நாள் தாங்கும்.
வெயிலைப் பாத்தா மூணுதான்."

தூரிகையால் தட்டி
வெண்ணெய்த்தாளில் மடித்து
ஐஸ் பிளாஸ்க்கில் வைத்து
ஆறு நாற்பது பஸ் பிடித்தேன்.
தினக்கூலிக்குப் பயணப்படி கிடையாது.
ஏழாம் வளைவில் பின்சீட்டுப் பையன் வாந்தி எடுத்தான்.
பக்கத்தில் மிளகு மூட்டைக்காரம்மா
பிளாஸ்க்கைத் தொட்டுக் கேட்டாள்:
"மருந்தா கண்ணு? யாருக்கு?"
"ஒரு பொண்ணுக்கு."
"மாசமா இருக்காளா?"
"இன்னும் இல்ல" என்றேன்.
சிரிப்பை அடக்க
வெளியே பள்ளத்தைப் பார்த்தேன்.

அஸ்தம்பட்டியில் இறங்கியதும்
தார் உருகும் வாடை.
மலை மூக்கைவிட்டுக் கழன்று விழுந்தது.

கொட்டகையில் அவள்.
முகர்ந்தேன், ஒன்றுமில்லை.
வாசனையே இல்லாமல் யாரைக் கூப்பிடுகிறாய் என்று
கண்ணை மூடிக்கொண்டு மறுபடி குனிந்தேன்.
இருந்தது.
நேற்றைய நீராகாரம்,
உப்புப் போடாதது.
அவ்வளவு சன்னமாகக் கேட்டால்
சேலத்தில் யாருக்குக் காது விழும்?

பூ பூவாகத் தொட்டேன்.
தண்டு எட்டாமல்
இடது கையைக் கீழே ஊன்றியபோது
விரல் ஒரு குடுவையின் வாய்க்குள் இருந்தது.
வழவழவென்று,
மெல்ல உள்ளே.
"அக்கா, கை" என்றாள் மெகர்நிஷா.
எடுத்தேன்.
எடுக்க எனக்குக் கை பெரிது,
அதுதான் வித்தியாசம்.

காய் பிடித்ததா என்று
மே மாதம் தெரியும்.
என் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது.

திரும்பும் பஸ்ஸில்
பதினான்காம் வளைவில்
காப்பி வந்து முகத்தில் அடித்தது.
விரலை முகர்ந்தேன்.
மாவு, இன்னும்.
ஈ ஒன்று வந்து அதில் உட்கார்ந்தது.
விரட்டவில்லை.
டிக்கெட் எடுக்காமல்
அதுவும் மேலே வந்தது.