காற்றைக் குறைத்து

வேனுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு
செக்காலை ரோட்டு வாட்டர் சர்வீஸ் பையன் கேட்கிறான்:
"ஆச்சி, கடலுக்குள்ளயே ஓட்டுனீகளா?"

எனக்கு நாற்பத்து மூன்று.
எங்களுக்கு ஆச்சி என்பது வயதல்ல,
அது அவனுக்கும் தெரியும்.
ஆமாம் தம்பி. கிட்டத்தட்ட.

பள்ளத்தூரில் பிள்ளைகளை ஏற்றியிறக்கிய வேன் இது.
தேனப்பன் சீட்டுகளைக் கழற்றி
ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கதவு மூடாத பிளைவுட் அலமாரி என்று
எட்டு மாத ஞாயிறுகளை உள்ளே போட்டார்.
வெள்ளை பெயின்ட் மூன்று கோட்.
அப்படியும் நனைந்தால் பக்கவாட்டில்
மஞ்சளாய் எட்டிப் பார்க்கும்: பள்ளி வா.
மீதி எழுத்து, அந்தக் கனம், எப்படியோ மறைந்துவிட்டது.

ரஸ்தா கேட்டில் ரயிலுக்கு நின்று,
தேவகோட்டையில் தோசைமாவு வாங்கி,
திருவாடானை தாண்டித் தொண்டி போனால்
கடல் சத்தமே இல்லாமல்
தாம்பாளத்தில் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது.
டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் ஓடுமாம்.
குச்சியால் வால்வை அழுத்தினார்.
நான்கு சக்கரமும் ஒவ்வொன்றாய்ப் பெருமூச்சு விட்டன.

ஓடியது!
ஈர மணலில், ரோடே இல்லாத ரோட்டில்,
எதிரே ஆள் இல்லாமலே ஹாரன் அடித்துக்கொண்டு.
நண்டுகள் ஒதுங்கி வழி விட்டன.
என் முந்தானை பாதி ஜன்னலுக்கு வெளியே.
இரண்டு கிலோமீட்டர் இருக்கும்,
கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தைச் சுற்றி வளைத்தார்.
மறைந்திருந்த கனம் அங்கேதான் தெரிந்தது.

நான் சொன்னேன். அவர் சொன்னார்.
நான் கொழுந்தியாள் கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னேன்.
வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலு பேர்
நாங்கள் பேசி முடிக்கும்வரை பீடி குடித்துக் காத்திருந்து
பிறகு எழுந்து வந்தார்கள்,
ஆளுக்கொரு பனைமட்டையோடு.
தள்ளியதற்குக் காசு வாங்கவில்லை.
"அடுத்த தடவ மேட்டுப்பக்கம் சண்ட போடுங்க, தண்ணி ஏறுது."

மறுநாள் மண்டபம்.
வாடகைக்குக் கண்ணாடி முகமூடி, வாயில் கவ்வ ஒரு குழாய்.
கல்லுக்கட்டியில் ஆணியும் தாழ்ப்பாளும் பிவிசியும் விற்கிறவர்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"முக்கால் இஞ்ச்" என்றார்.
தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால்
கைகோத்துக்கொண்டு ஒரு பாஷை:
ஒரு அழுத்து, பார்.
இரண்டு, மேலே போவோம்.

உள்ளே
கடற்புல் முழுவதும் ஒரே பக்கமாய்ச் சீவிவிட்டிருந்தது.
ஒரு கடலட்டை, அவசரமே இல்லாமல்.
வரிவரியாய் ஒரு மீன் வந்து
அவர் மோதிரத்தை முகர்ந்து, வேண்டாமென்று போனது.
பத்தொன்பது வருடமாய்க் குறட்டையாக மட்டுமே கேட்ட மூச்சு
பக்கத்துக் குழாயில் விழித்துக்கொண்டு போய்வந்தது.
பயந்திருந்தார். அதுவும் கேட்டது.

இரண்டு முறை அழுத்தினார்.
நான் ஒரு முறை.
மறுபடி இரண்டு.
நான் ஒன்று.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் அவர் கையிலிருந்து, ஒன்று.

இங்கே பையன் குழாயைப் பீய்ச்சுகிறான்.
அச்சிலிருந்தும் மட்கார்டிலிருந்தும்
எங்கள் ஊர்ச் செம்மண்ணில் ஒரு முறம் வெள்ளை மணல்.
கூடவே ஒரு கிளிஞ்சல், இரண்டு பனையோலைக் கிழிசல்,
யாருடையதோ ஒரு தூண்டில் முள்.
"உப்பு ஏறிருச்சுண்ணே, நாளைக்கே கிரீஸ் வைக்கணும்.
நாலுலயும் காத்தும் கம்மியா இருக்கு. புடிச்சுரவா?"

தொண்டியில் ஒரு பஞ்சர் கடை இருந்தது.
மண்டபத்தில் இரண்டு. இராமநாதபுரத்தில் எத்தனையோ.
எல்லாம் தாண்டி இப்படியேதான் வந்திருக்கிறோம்,
எனக்கு இப்போதுதான் தெரிகிறது.
டயர் வீணாகிவிடும் என்று
ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர்
சட்டைப் பையில் ரொம்ப நேரம் சில்லறை தேடுகிறார்.

"வீடு பக்கந்தான், தம்பி.
நாளைக்குப் பாப்போம்."