வீ

மின்சாரம் போய் மூன்று மணித்தியாலம்.
இருபத்தைந்து பாகையில் நிற்கவேண்டிய பெட்டி
முப்பத்தொன்றைத் தொட்டபோது
ஹப்ஸா சொன்னாள்: "விடிஞ்சா ஆண் ஈயெல்லாம் மலடு."
சில்வெஸ்டர் அண்ணையின் மீன்பெட்டியை
இரவல் வாங்கினோம்.
எவ்வளவு கழுவியும் சூடை மணம்.
அடியில் கொஞ்சம் ஐஸ், மேலே பழைய பேப்பர்,
அதன்மேல் பஞ்சால் வாயடைத்த
அறுபத்திரண்டு குப்பிகள்.

நிலாவெளி வீதியில் கடைசி பஸ் போய்விட்டது.
ஆட்டோக்காரர் கேட்டார்: "என்ன மீன்?"
"ஈ" என்றேன்.
உப்புவெளி தாண்டும்வரை
கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாலையூற்றில் ஹப்ஸாவின் மச்சானுக்கு மருந்துக்கடை.
ஜெனரேட்டர் உண்டு, ஏசி உண்டு.
"ஏற்கெனவே ஈ ஓட்டுற கடைதான்" என்றார் றம்ஸீன்,
"கொண்டாங்க."

இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்தில்
மடியில் வைத்துக் காத்தது ஒரு குப்பியைத்தான்.
அதன் ஈக்களுக்கு மூன்றாம் நிறமூர்த்தத்தில்
ஒரு துண்டு இல்லை.
ரீப்பர், ஹிட், கிரிம்:
மூன்று பரம்பரையலகுகள் அதோடு போயின.
ரீப்பர் என்று பெயர் வைத்தவர்
அரிவாளோடு வருகிற ஒருவனை நினைத்திருக்கவேண்டும்.
யாரும் வருவதில்லை.
கத்தி முதலே கலத்துக்குள் இருக்கிறது.
ஓங்கவிடாமல் ஒரு கை அதைப் பிடித்திருக்கிறது.
ரீப்பர் செய்வதெல்லாம்
அந்தக் கையின் விரல்களைப் பிரித்துவிடுவது.

சாயமிட்டு இருட்டில் பார்த்தால்
சாகிற கலங்கள் மட்டும் ஒளிரும்.
எள்ளிலும் சிறிய முட்டைக்குள்
கொட்டியாரக்குடாவில் இரவு மீன்பிடி.
எங்கள் பாடநூலில் கலம் என்றால்
உயிரின் சிற்றறை.
துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு
அந்தச் சொல் மிதக்காமல் இருந்ததே இல்லை.

துண்டு இரு பக்கமும் இல்லாத முட்டையில்
ஒரு விளக்கும் எரியாது.
எல்லாக் கலமும் உயிரோடு,
நெருக்கியடித்து, நரம்பு தடித்து,
உள்ளே மடியவேண்டிய தலை மடியாமல்.
முட்டை பொரிக்காது.
நாலில் ஒன்று அப்படி. எண்ணியவள் நான்.

போன மாதம் வந்த மதிப்பீட்டாளர்
தட்டைப் பார்த்துவிட்டு,
"ஆக, தேவையற்றவை அழிந்தால்தான்
முழு உடம்புக்கும் வாழ்வு" என்றார்.
நல்ல வசனம், அறிக்கையில் போடுங்கள் என்றார்.
ஹப்ஸா தொட்டியடிக்குப் போய்
கழுவின கையைத் திரும்பக் கழுவினாள்.
இந்த ஊரில் அந்த வசனத்தை
வெவ்வேறு மொழியில், வெவ்வேறு ஒலிபெருக்கியில்
கேட்டு முடித்தவர்கள் நாங்கள்.
ஈயின் கலத்துக்கு அடையாள அட்டை இல்லை.
சனிக்கிழமை வந்திடுவன் என்று
அது யாருக்கும் சொல்லிவிட்டுப் போவதில்லை.

'தேவையற்றவை'யை வெட்டினேன்.
'நேரம் வந்தவை' என்று எழுதி
அதையும் வெட்டினேன்.
மாணவர் குறிப்பில் 'கலத்தின் தற்கொலை' என்றிருந்தது;
அந்தச் சொல் இருக்கிற வீடுகளுக்குப் போயிருக்கிறேன்,
அதையும்.
கிரேக்கத்தில் இதற்கு உதிர்தல் என்று பொருளாம்,
இலையோ இதழோ.

அரும்பு, போது, மலர், அலர்.
பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசை.
அடுத்தது என்ன?
ஜெனரேட்டர் இரைச்சலில் அரைமணி யோசித்து
மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதினேன்:
வீ.
விழுந்த பூவுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான்.
ஹப்ஸா வாசித்துவிட்டு
"பிள்ளைகள் வை-ஃபை என்று நினைக்கும்" என்றாள்.

நாலரைக்கு ஒரு ஈ கூட்டைவிட்டு வந்தது.
நனைந்த கடதாசிபோல் இறகு.
அது விரிந்தது. விரிந்தபின்
அதற்குள் இருந்த கலங்கள் செத்து, கரைந்து,
உடம்புக்குள் வடிந்து போயின.
இரண்டு தோல் ஒட்டி, நடுவில் யாருமில்லை.
அதனூடாக றம்ஸீனின் பெயர்ப்பலகை தெரிந்தது,
எழுத்தெல்லாம் கொஞ்சம் வளைந்து.

வெளியே மான்கள் குப்பை மேட்டில்
லன்ச் ஷீட்டை இழுத்துக்கொண்டிருந்தன.
கரண்ட் வந்துவிட்டதாகக் காவலாளி அழைத்தார்.
குப்பிகளை எண்ணினோம். அறுபத்திரண்டு.
ஒன்றில் பஞ்சைக் காணவில்லை.

றம்ஸீன் அந்தக் கிழமை முழுக்க
உண்மையாகவே ஈ ஓட்டினார்.