ஒட்டி நில்லு

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி லேபில்
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு வாளி,
அதன் பக்கத்தில் என் மைக்ரோஸ்கோப்.
இன்று வந்த ஸ்லைடு:
ஆண், ஐம்பத்திரண்டு, முதுகுத் தோல்,
கன்னியப்பன்.

பெயரில் ஆள் தெரியவில்லை.
தொழில் என்ற இடத்தில்
‘கண்டக்டர், 29சி’ என்று
யாரோ மாணவர் கிறுக்கியிருந்தார்.

பதினோரு வருடம் அந்த வண்டியில் வந்தவள் நான்.
ஓட்டேரியில் ஏறினால்
படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால்.
“உள்ள போ, உள்ள போ,
ஒட்டி நில்லும்மா, ஊரே ஏறணும்.”
ஒட்டினோம்.
வேர்வை, கனகாம்பரம், டிபன் கேரியர்,
யார் கை யார் பை என்று தெரியாத
ஒரே உடம்பாகச் சேத்துப்பட்டு வரை குலுங்கினோம்.

லென்ஸைத் திருகினேன்.

தோலின் செல்களும் அப்படித்தான் நிற்க வேண்டும்.
நாலு பக்கமும் கை நீட்டி
அடுத்ததன் கையைப் பிடித்தபடி.
பிரஸ் பட்டன் அளவுகூட இல்லாத,
அதில் லட்சத்தில் ஒரு பங்கும் இல்லாத பிடிப்புகள்.
அந்தக் கையின் பெயர் டெஸ்மோக்ளீன்.
வைவாவில் நான் திக்கிய பெயர்.

கன்னியப்பனிடம்
யாரும் யாரையும் பிடித்திருக்கவில்லை.
செல்கள் உருண்டு திரண்டு
கடைசி பஸ்ஸை விட்டவர்களாக
நீரில் தனித்தனியே மிதந்தன.
அடி வரிசை மட்டும்
தரையை விடாமல், பக்கத்தில் இருப்பதைத் தொடாமல்.
புத்தகத்தில் இதற்குக் கல்லறை வரிசை என்று பெயர்.
கீழ்ப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு
அந்த உவமையை நான் சொல்வதில்லை.

முதலில் வாயில்தான் வந்ததாம்.
குழம்பைத் திட்டினார்.
வெற்றிலையை விட்டார். பல் டாக்டரிடம் போனார்.
விசில் உதட்டில் பட்டால் உயிர் போயிற்று.
ஒரு மாதம்
ஐந்து ரூபாய் நாணயத்தால் கம்பியைத் தட்டி
வண்டியை எடுத்தார்.
“விசில் தொலஞ்சிடுச்சா?” என்று டிரைவர் சாதிக்.
அப்புறம் முதுகு.
கட்டைவிரல் வைத்துத் தள்ளினால்
கட்டிலிருந்து டிக்கெட் கழல்வதுபோல் தோல்.

மதியம் வார்டுக்குப் போனேன்.
லேப் ஆட்களுக்கு அங்கே வேலையில்லை.

வாழை இலைமேல் படுத்திருந்தார்.
துணி என்றால் ஒட்டும், எடுக்கையில் தோலோடு வரும்.
இலை ஒட்டாது.
ஒட்டாததுதான் இப்போது மருந்து.
பவுனம்மாள் விடியுமுன் கோயம்பேடு போய்
இருபது தலைவாழை வாங்கி வருகிறார்.
இலைக்காரர் தினமும் கேட்பாராம்,
“வீட்ல என்ன விசேஷம்?”
ஆறாம் நாள் இவர் சொன்னாராம்,
“பந்திதாண்ணே. ஒரே ஆளு.”
சொல்லிவிட்டு எங்களிடமும் சிரித்தார்.
கன்னியப்பனும் சிரிக்கப் பார்த்தார்,
வாய் விடவில்லை.

“ஓட்டேரி ஸ்டாப்” என்றேன்.
கண் மட்டும்
சில்லறை இருக்கா என்று கேட்டது.

மாலை, இருட்டறை, பச்சை ஒளி.
செல்லைச் சுற்றிச் செல்லைச் சுற்றி
காசிமேட்டில் உலர்த்திய வலையாக
மின்னியது.
இத்தனை வருடத்தில்
இவ்வளவு அழகாக எதையும் அந்த அறையில் பார்த்ததில்லை.
மின்னியது நோய்.
அவர் ரத்தமே அனுப்பிய ஆட்கள்
எங்கெங்கே கை கோத்திருந்ததோ
அங்கங்கே போய் உட்கார்ந்து
விரல் விரலாகப் பிரிக்கிறார்கள்.
ஏன் என்று எழுத
ஃபாரத்தில் கட்டம் இல்லை.

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.
ஸ்டீராய்டு தொடங்கியாயிற்று.
பிடிக்கும், ஆனால் நாளாகும் என்றார்.
எது பிடிக்கும் என்று கேட்கவில்லை.

திரும்புகையில் 29சி.
புதுப் பையன், கையில் மெஷின்,
கத்துவதில்லை, விசில் மட்டும்.
புரசைவாக்கம் திருப்பத்தில் பிரேக்.
எல்லோரும் எல்லோர்மேலும்.
யாரோ ஒருத்தி என் மணிக்கட்டைப் பற்றினாள்,
“சாரிக்கா” என்று விட்டாள்.

நாலு நகம் பதிந்திருந்தது.
தோல் அப்படியே இருந்தது.
இறங்கும் வரை
அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.