வேலித்தட்டை

இலை விரிந்தபோது
ஊசி போட்டு இழுத்ததுபோல் ஒரே வரிசையில் ஏழு துளை.
சுருளாய் இருக்கையில்
கடித்தது ஒரே ஒரு தரம்தான்.

பெரட்டுக்கு முன் அரை மணி,
கொழுந்து நிறுத்து வந்தபின் இருட்டும் மட்டும்,
பூனாகலைச் சரிவில் இருபது பேர்ச் சோளம் எனக்கு.
குத்தகைப் பணம் காதிலிருந்து கழற்றியது.

நடுக்குருத்து வாடிய செடியை மெல்ல இழுத்தேன்.
சத்தமே இல்லாமல் கையோடு வந்தது,
அடி அழுகி, புளித்த வாசத்தோடு.
கணுவுக்குக் கீழே ஈரமான மரத்தூள்.
உள்ளே யாரோ
கதவைச் சாத்திக்கொண்டு தச்சுவேலை பார்க்கிறான்.

கமநல நிலையத்தில் தந்த தாள் சிங்களத்தில்.
படம் பார்த்தேன்: முட்டை, புழு, கூடு, அந்து.
கடைசிப் படத்திலிருந்து ஓர் அம்புக்குறி
முதல் படத்துக்கே திரும்பியது.
கடைக்காரரின் கடன் கொப்பியும்
இப்படித்தான் சுற்றும். விளங்கிவிட்டது.

மருந்துக்கடைப் பவானந்தன் போத்தலை எடுத்து வைத்தான்.
"அடித்தால் நாளைக்கே விழும் அக்கா."
"தண்டுக்குள் இருக்கிறவனுக்கு எப்படி எட்டும்?"
போத்தல் தட்டுக்கே திரும்பியது.
விலையை அவன் சொல்லவேயில்லை.

பிறகு, டோர்ச்சைப் பல்லில் கவ்வி
சுருள் சுருளாய் மணலும் அடுப்புச் சாம்பலும்.
இலையின் அடியில் செதில் செதிலாய் முட்டை,
விரலால் தேய்த்துவிட்டு அடுத்த செடி.
வாடியதைப் பிடுங்கி, பிளந்து, நசுக்கி,
கை கழுவாமல் ரொட்டி தட்டிய இரவும் உண்டு.

அப்படியும் வந்தது.
மேற்கு ஓரத்தில்தான் கூட வந்தது.

மேற்கு ஓரத்தில் வேலி.
போன போகத்துச் சோளத் தட்டையால்
கொழுந்தன் சன்னாசி கட்டிய வேலி,
பொடிமெனிக்கேயின் மாடு வராமலிருக்க.
ஒரு தட்டையை முறித்தேன்.
வெள்ளை நெட்டிக்குள், குழந்தை விரல் நுனியளவு,
சுருண்டு கிடந்தான்.
மழைக்காகக் காத்திருந்திருக்கிறான்.
அவனுக்கு நாங்களே வரிசையாய் லயம் கட்டி,
கயிறும் வாங்கிக் கட்டியிருக்கிறோம்.

என் சிங்களம் சந்தைச் சிங்களம்.
பிளந்த தட்டையை அப்படியே கொண்டுபோய் நீட்டினேன்.
பொடிமெனிக்கே கண்ணாடியைத் தேடி எடுத்து,
பார்த்து, "அம்மோ" என்றாள்.
தன் பக்கத்துக் குவியலையும் காலால் காட்டினாள்.
அன்று மாலை இரண்டையும் சேர்த்து எரித்தோம்.
புகை இருபுறமும் போனது, இருமல் ஒன்றுதான்.
அடுத்த விதைப்பு ஒரே கிழமையில் என்று
விரல் மடக்கிப் பேசிக்கொண்டோம்.
சன்னாசி இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள்
வேலியில்லாத வழியால் மாடு வந்து
முழுதாக இரண்டு வரிசையைத் தின்றது.

கத்தினேன். கல்லெடுத்தேன்.
அது தலையைத் திருப்பி
வாயில் தோகையோடு என்னைப் பார்த்தது.
எவ்வளவு நாளைக்குப் பிறகு
திட்டுவதற்கு ஒரு முகம்.