வலது கீழ் மூலை

நாளைக்கு ஒன்பது பி. மூன்றாம் பிரிவேளை.
பாடம், வரைபடம் வாசித்தல்.
புத்தகத்தில் இருப்பது யாருடைய ஊரோ:
ஒரு மலை, ஒரு ரயில் பாதை, ஒரு தபால் நிலையம்.
போன வருஷம் மதார் கேட்டான்,
"இது எங்கன இருக்கு டீச்சர்?"
எனக்கும் தெரியாது.

அதனால்தான் ராத்திரி பத்தரைக்கு
மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
வீரவநல்லூரில் நான் குடியிருக்கும் தெருவுக்கு
ஒன்பதாவது படியில்தான் சிக்னல் ஏறும்.
தாமிரபரணி என்று தட்டினேன்.
அல்வா வந்தது.
அருவி வந்தது, அருவிக்கு முதுகு காட்டி நாலு பேர் வந்தார்கள்.
பள்ளிக்கூடத்து ஊர்ப் பெயரை
வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் பிழையாக எழுதியிருப்பானென்று
ஒரு எச் கூட்டி, ஒரு டி குறைத்து,
பதினோராவது பிழையில்
கதவு திறந்தது.

கடல் தாண்டி ஏதோ ஒரு நூலகம்.
காசில்லை, யார் நீ என்ற கேள்வியில்லை.
பட்டை பட்டையாய் இறங்கியது படம்:
முதலில் வெறும் தாள்,
அப்புறம் கன்னடியன் கால்வாய், நீலம் பழுப்பேறி,
அப்புறம் குளம், மடைகளுக்கு நம்பர்,
பனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பேனாக் குத்து.
இன்று பள்ளிக்கூடம் நிற்கும் இடத்தில்
தரிசு என்றிருந்தது.
சிரித்துவிட்டேன், பக்கத்தில் யாருமில்லை.

கடைசியாக வந்தது வலது கீழ் மூலை.
மடைக்கு அப்பால் எட்டு வீடு,
தனியாக ஒரு கிணறு,
அதன்மேல் வெகு அழகான சாய்வெழுத்தில்
ஒரு சொல்.

இங்கே எழுத மாட்டேன்.
அந்தச் சொல்லை ஒருவன் சொன்னதற்கு
எங்கள் வகுப்பில் போன ஆடியில்
கவராயத்து முனை ஒரு கைக்குள் இறங்கியது.
ஆறு தையல்.

வெட்டினேன்.
செல்லில் வெட்டுவது லேசு.
விரலால் ஓரத்தை உள்ளே தள்ளினால்
எட்டு வீடும் கிணறும்
சத்தமில்லாமல் போய்விடும்.
படம் முன்னைவிட அழகாயிருந்தது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
ஆனாலும் தூங்கினேன்.

ஜன்னலில் சத்துணவு அரிசிச் சாக்கைத் தொங்கவிட்டு
புரொஜக்டரைப் போட்டதும்
பிள்ளைகள் எழுந்தே விட்டார்கள்.
"ஏல, நம்ம குளம்ல!"
"அந்தா எங்க மாமா வயக்காடு."
"அப்ப நாம தரிசுலயா நிக்கோம்?"
ஜெபக்கனி தண்ணீர்த் தொட்டியைத் தேடினாள்,
அது கட்டி மூன்று வருஷந்தான் ஆகிறது.
நான் போர்டில் எழுதினேன்:
வரைபடமென்றால் நான்கு வேண்டும்.
தலைப்பு, திசை, அளவை, குறிப்பு.

முப்பிடாதி கை தூக்கினாள்.
ஜூனிலிருந்து வாய் திறக்காதவள்.
"தலைப்பு இருக்கு. வடக்கு இருக்கு.
அளவை எங்க டீச்சர்?"

மூலையோடு போயிருக்கிறது அளவைக் கோடும்.
நான் கவனிக்கவே இல்லை.
"விட்டுப்போச்சும்மா."
"இல்ல டீச்சர், கீழ இன்னும் இருக்கணும்.
மடைக்கு அந்தப் பக்கந்தான எங்க வீடு.
கால்வா அங்கன வளையும்.
இதுல வளையாமலே நிக்கி."

நாற்பத்திரண்டு முகம். சாக்கு காற்றில் ஆடியது.
வெட்டாத படமும் செல்லில்தான் இருந்தது.
திறந்தால் சொல் வரும்.
திறக்காவிட்டால்
எந்த வீட்டுக்கும் எந்தக் கிணறு எவ்வளவு தூரமென்று
ஒருவரும் கணக்குப் போட முடியாது.

பெல்லுக்கு எட்டு நிமிஷம் இருந்தது.
அவளை மட்டும் மேஜைப் பக்கம் கூப்பிட்டு
செல்லைக் காட்டினேன்.
அவளைக் கேட்டது சரிதானா,
இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
ரெண்டாம் தடவையும் வாசித்தாள்.
"இந்தப் பேரு தெரிஞ்சதுதான டீச்சர்.
கிணறு இருந்தது தெரியாது."

பிறகு, மெதுவாக,
"பெருசாப் போடுங்க, அளக்கணும்."

அவள் கையில்
அரையடி ஸ்கேல் இருந்தது.
இடத்திலிருந்து எழும்போதே
எடுத்து வந்திருக்கிறாள்.