பகல் ஷிஃப்ட்டின் திரை

பார்னு துறைமுக அலுவலகத்தில்
கணினி ஒன்று, ஆள் இரண்டு.
பகலில் ஹெல்யே. இரவில் நான்.
நேரில் பார்த்தது இரண்டே முறை,
அதுவும் கோட்டு மாட்டும் ஆணியருகே.

என் கருவிப்பட்டை மேலே இருக்க வேண்டும்.
அவள் அதைப் பிடுங்கி இடப்பக்கம்
நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டுப் போவாள்.
அளவுகோலை மறைத்துவிடுவாள்.
அச்சுப்பொறி இருந்த இடத்தில் கத்தரிக்கோல்.
எட்டு மணிக்கு வந்ததும்
யாரோ குடியிருக்கும் வீட்டில்
என் சாமான்களை இறக்குவேன்.

ஒருநாள் ஆத்திரத்தில்
எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பினேன்.
மறுநாள் மறுபடி இடப்பக்கம்.
ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

நவம்பரில் பக்கத்தின் அளவு
நூற்றிருபது விழுக்காடு.
கடல் உறைந்த ஜனவரியில் நூற்றறுபது.
நேற்று இருநூற்றைம்பது:
ஒரு கப்பலின் பெயரே
திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

மேலே எதற்கு இத்தனை இடம் ஒழித்தாள் என்று
அப்போதுதான் உறைத்தது.
சுட்டியில் வைத்த கையை எடுத்தேன்.

இன்றிரவு சரக்குப் பட்டியலை
சுவரொட்டி எழுத்தில் அடிக்கிறேன்,
வரிக்கு மூன்று சொல்.
பட்டை இடப்பக்கமே கிடக்கட்டும்.
அளவுகோலை மட்டும் திரும்ப வரவழைத்தேன்;
அது இல்லாமல் எனக்கு ஆகாது,
ஹெல்யே.